ஓரியூரில் எழுதிய கடைசிக் கடிதம்

கவலையும் விசுவாசமும் – 9

திருவாடானை வட்டத்தில் பாம்பாற்றங்கரையில் இருக்கிறது ஓரியூர். அங்கே வருகிற பக்தர்கள் செம்மண்ணைக் கையில் அள்ளிக்கொள்கிறார்கள். சிலர் நெற்றியில் பூசுகிறார்கள், சிலர் முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்கள். பிள்ளை இல்லாத ஏக்கம், கடன், தீராத நோய், கோர்ட்டில் இழுத்தடிக்கும் வழக்கு, கடலுக்குப் போனவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல் எல்லாவற்றையும் அந்த மண்ணில்தான் இறக்கி வைக்கிறார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்ட அருளானந்தரின் ரத்தம் விழுந்து சிவந்த மண் அது என்பது மக்களின் நம்பிக்கை. தன் ஆபத்திலிருந்து தப்பாத ஒருவரிடம்தான் இத்தனை பேர் தங்கள் ஆபத்துகளைச் சொல்லி அழுகிறார்கள். அப்படியானால் கடவுளை நம்புவது என்பது, ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று நம்புவதாக இருக்க முடியாது. இந்த வாரம் நான் சொல்ல வருவது அதைத்தான்.

அருளானந்தர் என்று மறவ நாடு அழைத்த ஜான் டி பிரிட்டோ, 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். சேசு சபையில் சேர்ந்து, மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து, பண்டார சுவாமியின் காவி உடுத்தி, புலால் நீக்கி, தமிழில் போதித்தவர். 1686இல் உபதேசியார்களோடு பிடிபட்டு, தண்ணீரில் அமிழ்த்தியும் அடித்தும் வதைக்கப்பட்டார். மறவ நாட்டு அரசர் கிழவன் சேதுபதி அவரை வரவழைத்துக் கேட்டுவிட்டு, இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுதலை செய்தார். சபையின் வேலையாக அவர் லிஸ்பன் போனபோது, சிறுவயது முதல் அறிந்த அரசர் பெட்ரோ அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். அவர் தங்கவில்லை, 1690இல் திரும்பி வந்தார். தடியத்தேவன் என்ற மறவர் குலத் தலைவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியபோது, விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரப் பெண். அதிலிருந்து வந்தது 1693 ஜனவரிக் கைது. ராமநாதபுரத்தில் விசாரணை முடிந்து, ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். கொல்லப்படுவதற்கு முந்தின நாள், காவலர்களின் கண்பார்வையில், கரியைக் குழைத்துத் துரும்பால் தொட்டு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. தன்மேல் சுமத்தப்பட்ட குற்றம் தான் போதித்த மறைதான் என்கிறார். சாவை எதிர்பார்த்துக் காத்திருப்பதாகச் சொல்கிறார். காவலர்கள் பார்த்துக்கொண்டிருப்பதால் இதற்கு மேல் எழுத இயலவில்லை என்று முடிக்கிறார். விடுதலை கிடைக்கும் என்ற ஒரு சொல் அவற்றில் இல்லை. நடுக்கமும் இல்லை.

இதைத் துணிச்சல் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அவர் துணிச்சலுக்காக ஆபத்தைத் தேடிப் போனவர் அல்லர். முடிந்தவரை ஒளிந்திருந்தார், காடுகளில் தங்கினார், இடம் மாறிக்கொண்டே இருந்தார். தன் கையில் இருந்ததை எல்லாம் செய்தார். கையில் இல்லாததை மனத்தில் போட்டு அரைக்கவில்லை. சேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளின் தொடக்கமே இதுதான்: நீண்ட ஆயுளையோ குறுகிய ஆயுளையோ, செல்வத்தையோ வறுமையையோ முன்கூட்டியே நிபந்தனையாக வைக்காமல், கடவுளுக்கு ஏற்றதை மட்டும் தேடுவது. ஆண்டுக்கணக்கில் அதில் பழகிய மனம் ஓரியூரில் திடீரென்று தைரியம் பெறவில்லை. அது லிஸ்பனில் கப்பலேறும்போதே முடிவெடுத்துவிட்டது.

விவிலியத்தைப் புரட்டினாலும் இதுவே தெரிகிறது. வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் காட்டிக் கவலைப்பட வேண்டாம் என்று இயேசு சொன்ன மலைப்பொழிவுப் பகுதியை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். அதன் கடைசியில், ஒவ்வொரு நாளுக்கும் அதற்குரிய தொல்லை உண்டு என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார். நாளைக்குத் துன்பம் வராது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை; நாளையின் துன்பத்தை இன்றைக்கே இழுத்துவந்து சுமக்க வேண்டாம் என்கிறார். எதற்கும் கவலைப்படாமல் எல்லாவற்றையும் ஜெபத்தில் கடவுளிடம் தெரிவிக்கும்படி பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அதை விலங்கு மாட்டிய கைதியாக எழுதினார். வசதியான நாற்காலியில் இருந்து சொல்லப்பட்டிருந்தால் அந்த அறிவுரைக்கு இவ்வளவு எடை வந்திருக்காது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. அருளானந்தர் துறவி, மறைசாட்சியாகச் சாக விரும்பியவர். தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அவர் எப்படி உதாரணமாவார்? டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன விசைப்படகு மறுநாள் காலையில் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் முதலில் மற்றப் படகுக்காரர்களுக்குப் போன், பிறகு படகு உரிமையாளர், பிறகு மீனவர் சங்கம். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருந்தால் ஊர்காவற்துறையிலோ மன்னாரிலோ கோர்ட்டு, வாய்தா, மறுபடியும் வாய்தா. யாழ்ப்பாணம் சிறையில் கணவர் என்ன சாப்பிட்டார் என்று இவளுக்குத் தெரியாது. அவர் சாவை விரும்பவில்லை. இவள் விதவையாவதை விரும்பவில்லை. இவர்களிடம் போய் மறைசாட்சியைப் போல அஞ்சாமல் இருங்கள் என்று சொல்வது கொடுமை.

ஆனால் கிறிஸ்தவம் அப்படிச் சொல்லவே இல்லை. கெத்செமனித் தோட்டத்தில் இயேசுவே கலங்கினார். வேர்வை ரத்தத் துளிகளைப் போல் விழுந்தது என்கிறார் லூக்கா. அந்தத் துன்பக் கிண்ணம் தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். கேட்டது கிடைக்கவில்லை. பயம் வருவது விசுவாசக் குறை என்றால் இயேசுவையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பயத்துக்கு அடுத்து ஒரு காரியம் இருக்கிறது: போன் பண்ணலாம், மனு கொடுக்கலாம், வக்கீலைப் பார்க்கலாம். அதையெல்லாம் செய்து முடித்த பிறகும், இரவு இரண்டு மணிக்கு அதே எண்ணம் சுற்றிச் சுற்றி வருகிறதே, அதற்கு அடுத்த காரியம் எதுவும் கிடையாது. நான் கவலை என்று சொல்வது அதைத்தான். அந்த இரண்டு மணிச் சுமையைக் கடவுளிடம் ஒப்படைக்கலாம் என்பதுதான் விசுவாசம் தருகிற உரிமை. அவள் தூங்கினால் கணவர்மேல் அன்பு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் கலெக்டர் அலுவலகத்துக்கு நடக்கவும் அந்தத் தூக்கம் வேண்டும்.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. மதம் மக்களுக்கு அபின் என்று மார்க்ஸ் எழுதியதை வைத்துக் கேட்பார்கள்: கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ஒப்படைத்துவிட்டால், உரிமைக்காகப் போராட யார் வருவார்? இந்தக் கரையே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா இங்குள்ள மீனவர்களுக்கு வெறும் திருவிழா அல்ல. 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கையிடம் போன பிறகும், அந்தோணியாரைப் பார்க்கப் போகும் உரிமை எழுத்தில் நின்றது. போர்க் காலத்தில் தடைபட்டு மீண்டும் தொடங்கிய விழா அது. 2024 பிப்ரவரியில் இலங்கை நீதிமன்றங்கள் நம் மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து, ராமேஸ்வரம் மீனவர்கள் அந்தத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். தங்களுக்கு அருமையான ஒன்றைத் தாங்களே விட்டுக்கொடுத்துக் கோரிக்கை வைத்தவர்களை மயக்கத்தில் கிடப்பவர்கள் என்று யார் சொல்வது? பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் எந்த விசுவாசியும் படகை அவிழ்ப்பதில்லை. அதை யாரும் அவிசுவாசம் என்பதும் இல்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மனநோயாக முற்றிவிட்ட பதற்றத்துக்கும் சோர்வுக்கும் ஜெபம் மட்டும் போதும் என்று சொல்கிற எந்த மதத்தாரும் பெரிய பொறுப்பை ஏற்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இதே ராமநாதபுரம் மாவட்டத்தில், மனநோய் தீர வேண்டி மக்கள் வரும் தர்கா உள்ள ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் கருகிப் போனார்கள். குற்றம் அவர்களை அங்கே அழைத்து வந்த உறவினர்களின் பக்தியில் இல்லை. சங்கிலியிலும், மருத்துவம் எட்டாத நிலையிலும் இருந்தது. பின்னாளில் அதே தர்காவில் மருந்தும் துவாவும் சேர்ந்தே கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. நம் சுகமளிக்கும் கூட்டங்களும் தியான இல்லங்களும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். மாத்திரை சாப்பிடுகிற கிறிஸ்தவரைப் பார்த்து ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்று சொல்கிற போதகர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பதே என் முடிவு.

கடைசி மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் கூரையில்லாமல் நிற்கின்றன. அன்று இரவு ஜெபம் செய்தவர்களும் செத்தார்கள். பாதுகாப்பை விலையாகக் கேட்டு வைக்கிற விசுவாசம் அந்தச் சுவர்களுக்கு முன்னால் நிற்க முடியாது; நிற்கவும் கூடாது. ஓரியூர்க் கடிதத்தில் உள்ள விசுவாசம் அந்த விலையைக் கேட்கவில்லை என்பதால், அதற்கு அங்கே நிற்க இடம் இருக்கிறது. ஆனாலும் ‘ஏன்?’ என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. கைவிடப்பட்டவனின் குரலாகத் தொடங்கும் 22ஆம் திருப்பாடலை விவிலியம் நீக்கவில்லை. சிலுவையில் இயேசு எடுத்துக் கதறியது அந்தப் பாடலைத்தான். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபு, அந்தக் கேள்வியைக் கடவுளின் முகத்துக்கு நேரே கேட்டார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களைவிட யோபு சரியாகப் பேசியதாகக் கடவுள் ஏன் சொன்னார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)