பந்து விலை 100 ரூபாய்தானே? மனசு ஏமாற்றும் கணக்குகள்... சிறைக்கு அனுப்பிய ஒரு பெருக்கல்!

ஒரு கிரிக்கெட் பேட்டும் பந்தும் சேர்த்து 1,100 ரூபாய். பந்தைவிட பேட் 1,000 ரூபாய் அதிகம். அப்படியென்றால் பந்தின் விலை என்ன?

'100 ரூபாய்' என்று உடனே மனசுக்குள் ஒரு குரல் சொல்லியிருக்கும். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவர்களுக்கும் அந்தக் குரல் கேட்கும். சரி, பந்து 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். அதைவிட 1,000 அதிகம் என்றால் பேட் 1,100 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 1,200 வந்துவிடுகிறதே! சரியான விடை 50 ரூபாய். பேட் 1,050, பந்து 50.

வாட்ஸ்அப் குரூப்களில் வருடா வருடம் சுற்றும் இந்தப் புதிரின் டாலர் வடிவம், 2005-ல் ஷேன் ஃப்ரெடரிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட மூன்று கேள்வித் தேர்வில் முதல் கேள்வி. ஹார்வர்டு, எம்.ஐ.டி., பிரின்ஸ்டன் மாணவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் இதற்குத் தவறான விடை சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறார் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன். அவர்களுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாமல் இல்லை. 'பந்தைவிட 1,000 அதிகம்' என்ற வரியை மனசு 'பேட் 1,000 ரூபாய்' என்று சுருக்கிக்கொள்கிறது. கேட்ட கேள்வி கொஞ்சம் கடினமாக இருந்தால், அதே மாதிரி இருக்கும் சுலபமான வேறொரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டு நிம்மதியாகிவிடுகிறது.

பந்து விஷயத்தில் நஷ்டம் 50 ரூபாயோடு போய்விடும். இதே பழக்கம் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் நுழைந்தபோது என்ன ஆனது என்று பார்ப்பதற்கு முன்னால், படித்தவர்களைப் படாதபாடு படுத்திய ஒரு புதிரைப் பார்த்துவிடலாம்.

மூன்று கதவு, ஒரு கார், இரண்டு ஆடு

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள்களோடு வந்த 'பரேட்' இதழில் 'ஆஸ்க் மேரிலின்' என்றொரு கேள்வி-பதில் பகுதி. எழுதியவர் மேரிலின் வாஸ் சாவந்த். உலகிலேயே அதிக ஐ.க்யூ உள்ளவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர். 1990 செப்டம்பரில் ஒரு வாசகர் அவரிடம் இப்படிக் கேட்டிருந்தார்.

டி.வி. போட்டி ஒன்றில் நிற்கிறீர்கள். எதிரே மூடிய மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் முதல் கதவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கார் எங்கே இருக்கிறது என்று தெரிந்த தொகுப்பாளர், மீதி இரண்டில் ஆடு இருக்கும் ஒரு கதவைத் திறந்து காட்டுகிறார். 'அதே கதவா, இல்லை மாற்றிக்கொள்கிறீர்களா?' என்கிறார். மாற்றுவது நல்லதா?

'இருப்பது இரண்டு கதவு. ஆளுக்குப் பாதி வாய்ப்பு. மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன?' என்றுதான் யாருக்கும் தோன்றும். 'மாற்றுங்கள். மாற்றினால் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு' என்று பதில் எழுதினார் மேரிலின்.

அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்தன. சுமார் 10,000 கடிதங்கள். அதில் ஏறத்தாழ 1,000 பேர் பிஎச்.டி. முடித்தவர்கள். பெரும்பாலானவை 'நீங்கள் சொன்னது தவறு' என்றன. கணிதப் பேராசிரியர்களே பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில் அவரைத் திட்டி எழுதினார்கள். அவர் அசரவில்லை. பள்ளி வகுப்பறைகளில் இதை விளையாடிப் பார்த்து எண்ணச் சொன்னார். விளையாடிய குழந்தைகளுக்கு அவர் சொன்ன கணக்குதான் வந்தது.

ஏன் அப்படி? மூன்று கதவுக்குப் பதிலாக 100 டம்ளர்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் மட்டும் தங்கக் காசு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒன்றின் மீது கை வைக்கிறீர்கள். காசு இருக்கும் இடம் தெரிந்தவர், மீதி 99-ல் காலியான 98 டம்ளர்களைப் பார்த்துப் பார்த்துத் தூக்கிக் காட்டுகிறார். ஒன்றை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறார். இப்போதும் உங்கள் டம்ளரையே பிடித்துக்கொண்டிருப்பீர்களா? நீங்கள் முதலில் தொட்டது நூற்றில் ஒரு குருட்டு அதிர்ஷ்டம். அவர் விட்டுவைத்த டம்ளரோ, விஷயம் தெரிந்தவர் விட்டுவைத்தது. மூன்று கதவிலும் நடப்பது இதேதான். முதல் தேர்வு சரியாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. தவறாக இருக்க மூன்றில் இரண்டு. தவறாக இருந்தால், மாற்றினால் கார் நிச்சயம்.

இங்கே சூட்சுமம் 'தெரிந்தவர்' என்ற சொல்லில் இருக்கிறது. தொகுப்பாளரும் குருட்டாம்போக்கில் ஒரு கதவைத் திறந்து, தற்செயலாக ஆடு வந்திருந்தால் வாய்ப்பு உண்மையிலேயே பாதிக்குப் பாதிதான். மனசு இந்தச் சொல்லைத்தான் தாண்டிப் போய்விடுகிறது.

நம்பாதவர்கள் வீட்டில் மூன்று டம்ளரும் ஒரு ரூபாய் நாணயமும் வைத்து 30 முறை விளையாடிப் பார்க்கலாம். நம்பாமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 20-ம் நூற்றாண்டின் மாபெரும் கணித மேதைகளில் ஒருவரான பால் எர்டோஷே இதை ஏற்கவில்லை. நண்பர் ஒருவர் கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். இன்னொரு வேடிக்கை, அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு. இந்த விளையாட்டைத் தானியம் வைத்துப் புறாக்களிடம் விளையாடினார்கள். ஒரு மாதத்தில் புறாக்கள் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் மாற்றக் கற்றுக்கொண்டுவிட்டன. மனிதர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை! புறாவுக்கு 'ஆளுக்குப் பாதி' என்ற எண்ணம் இல்லை. தானியம் எங்கே கிடைத்தது என்பது மட்டும்தான் கணக்கு.

ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்'

கொஞ்சம் சீரியஸான புதிர் இது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் ஒன்று. அதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட். நோய் இருந்தால் தவறாமல் சொல்லிவிடும். ஆனால், நோய் இல்லாதவர்களில் 5% பேருக்கும் தவறுதலாக 'பாசிட்டிவ்' என்று காட்டும். எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர் சும்மா செக்கப்புக்குப் போய், 'பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வாங்கி வருகிறார். அவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

'95%' என்கிறது மனசு. 1978-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டபோதும் அதிகம் பேர் சொன்ன விடை 95%தான். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

சதவீதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தலைகளை எண்ணினால் விடை தானாக வரும். ஒரு கல்யாண மண்டபத்தில் 1,000 பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் டெஸ்ட். நோய் உள்ளவர் ஒருவர், அவருக்கு 'பாசிட்டிவ்'. நோய் இல்லாத 999 பேரில் 5% என்பது சுமார் 50 பேர், அவர்களுக்கும் 'பாசிட்டிவ்'. ஆக, கையில் 'பாசிட்டிவ்' ரிப்போர்ட்டோடு பயந்து நிற்பவர்கள் 51 பேர். அவர்களில் நோய் இருப்பவர் ஒரே ஒருவர். வாய்ப்பு 2%தான்!

இதற்காக ரிப்போர்ட்டைக் கிழித்துப்போட வேண்டும் என்று அர்த்தமில்லை. அறிகுறிகளோடு டாக்டரிடம் போகிறவர்களின் கணக்கே வேறு. அவர்கள் 'ஆயிரத்தில் ஒருவர்' கூட்டத்தில் சேர மாட்டார்கள். முதல் டெஸ்ட்டில் 'பாசிட்டிவ்' வந்ததும் டாக்டர்கள் இரண்டாவதாக வேறொரு டெஸ்ட் எழுதித் தருவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் பல வருடங்களாக வலியுறுத்துவதும் இதைத்தான்: 'சதவீதமாகச் சொல்லாதீர்கள், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள்.' அப்படிச் சொன்னால் டாக்டர்களும் சரியான விடைக்கு வருவது அதிகமாகிறது என்பதை அவரது ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

7.3 கோடியில் ஒன்று

மனசின் குரலை ஒரு நீதிமன்றமே நம்பிய கதை இங்கிலாந்தில் நடந்தது. சாலி கிளார்க் ஒரு வழக்கறிஞர். 1996 டிசம்பரில் அவருடைய 11 வார ஆண் குழந்தை திடீரென்று இறந்தது. 1998 ஜனவரியில் இரண்டாவது ஆண் குழந்தையும் 8 வாரத்தில் இறந்தது. பெற்ற தாயே கொன்றுவிட்டார் என்று வழக்கு.

சாட்சி சொல்ல வந்த புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ராய் மெடோ, ஓர் எண்ணைச் சொன்னார். 'இது மாதிரி வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறக்கும் வாய்ப்பு 8,543-ல் ஒன்று. இரண்டு குழந்தைகள் அப்படி இறக்க, 8,543-ஐ 8,543-ஆல் பெருக்குங்கள். சுமார் 7.3 கோடியில் ஒன்று.' 1999 நவம்பரில் சாலி குற்றவாளி என்று தீர்ப்பானது. ஆயுள் தண்டனை.

பெருக்கலில் தப்பில்லை. ஆனால், பெருக்கவே கூடாத இடம் அது. நாணயத்தை இரண்டு முறை சுண்டினால், முதல் முறை விழுந்தது தலையா பூவா என்பது இரண்டாவது முறையைப் பாதிக்காது. அங்கே பெருக்கலாம். ஒரே வீட்டில், ஒரே பெற்றோருக்குப் பிறந்த இரண்டு குழந்தைகள் அப்படியல்ல. மரபணுவிலோ வீட்டுச் சூழலிலோ ஒரு காரணம் இருந்தால், முதல் குழந்தையைப் பாதித்தது இரண்டாவதையும் பாதிக்கலாம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. '7.3 கோடியில் ஒன்று' என்றதும், 'அப்படியானால் இவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பும் 7.3 கோடியில் ஒன்று' என்று மனசு மாற்றிக்கொள்கிறது. இவை இரண்டும் ஒரே கேள்வி அல்ல. கேரளா பம்பர் லாட்டரியில் முதல் பரிசு விழும் வாய்ப்பு பல லட்சத்தில் ஒன்று. அதற்காக, பரிசு விழுந்தவர் திருட்டுத்தனம் செய்துதான் ஜெயித்தார் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு தாய் தன் இரண்டு பச்சைக் குழந்தைகளை அடுத்தடுத்துக் கொல்வதும் மிக மிக அரிது. இரண்டு அரிதான விஷயங்களில் எது அதிக அரிது என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், ஒன்றின் எண்ணை மட்டும் ஜூரிகள் முன்னால் வைத்தார்கள்.

2000-ல் முதல் மேல்முறையீடு தோற்றது. 2001 அக்டோபரில் இங்கிலாந்தின் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி, இந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது. அதற்குள் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவுகள் விசாரணையில் வைக்கப்படவே இல்லை! 2003 ஜனவரியில் சாலி விடுதலையானார். அந்த எண் ஜூரிகளிடம் போயிருக்கவே கூடாது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று வருடங்களுக்கு மேல் சிறையில் கழித்த அவர், அந்தப் பாதிப்பிலிருந்து மீளவே இல்லை. 2007-ல், 42 வயதில் இறந்துபோனார்.

'ஒரு வட்டி'க் கடன் உண்மையில் எவ்வளவு?

நம் ஊரில் மனசு அதிகமாக ஏமாறும் இடம் தள்ளுபடியும் கடனும்தான். ஆடித் தள்ளுபடியில் '50% + 20%' என்று போர்டு வைத்தால் 70% தள்ளுபடி போலத் தெரியும். 1,000 ரூபாய் புடவை முதலில் 500 ஆகும். அந்த 500-ல் 20% குறைந்து 400 ஆகும். ஆக, தள்ளுபடி 60%.

இது சின்ன விஷயம், கடன்தான் பெரிது. 1 லட்சம் ரூபாய் கடன், 12% ஃப்ளாட் வட்டி, ஒரு வருடத்தில் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். வட்டி 12,000. மாதம் 9,333 ரூபாய். '12% வட்டிதானே, நூற்றுக்கு ஒரு வட்டி, பரவாயில்லை' என்று தோன்றும். ஆனால், அந்த 1 லட்சம் முதல் மாதம் மட்டும்தான் முழுசாக உங்களிடம் இருக்கிறது. மாதா மாதம் அசலையும் சேர்த்தே திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஆறாவது தவணை கட்டி முடிக்கும்போது அசலில் ஏறக்குறைய பாதி போய்விடும். கையில் இல்லாத பணத்துக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறீர்கள். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் கணக்கிட்டால், இந்தக் கடனின் வட்டி சுமார் 21.5%. வங்கியில் 15% குறையும் வட்டிக்குக் கிடைக்கும் கடனை, 'அதிகம்' என்று ஒதுக்கிவிட்டு இதை வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இப்படி ஒப்பிட முடியாமல் மக்கள் திணறக் கூடாது என்றுதான், 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய தவணைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத்தாளைக் கொடுக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அதில் 'ஏ.பி.ஆர்.' என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். வட்டியோடு, பிராசஸிங் கட்டணம் போன்ற செலவுகளையும் சேர்த்து, ஒரு வருடத்துக்குக் கடன் உண்மையில் எவ்வளவு செலவு வைக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு இடங்களில் கடன் விசாரித்தால், ஃப்ளாட் வட்டியை விட்டுவிட்டு இரண்டு தாள்களிலும் உள்ள ஏ.பி.ஆரை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.