விண்ணப்பப் படிவத்தில் இழக்கும் இடம்

மேட்டூர் அணை திறக்கப்பட்ட செய்தி அன்றைய தினமே தமிழகம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. ஆனால், அந்தத் தண்ணீர் திருத்துறைப்பூண்டி வட்டத்தின் கடைமடை வாய்க்கால்களை எட்டுவதற்குப் பல நாள்கள் ஆகின்றன. உயர்கல்வி வாய்ப்புகளும் ஏறத்தாழ இப்படித்தான். சேர்க்கை அறிவிப்பு இணையதளத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெளியாகிறது. அதன் பொருளை எடுத்துச் சொல்ல ஆள் இருக்கும் வீட்டுக்கு அது உடனே பயன்படுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளைக்கோ, காலம் கடந்த பிறகே புரிகிறது.

இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு, மருத்துவம் சார்ந்த பட்டப் படிப்புகளுக்குத் தமிழக அரசு நடத்தும் ஒற்றைச் சாளரச் சேர்க்கை. டயாலிசிஸ் தொழில்நுட்பம், அறுவை அரங்குத் தொழில்நுட்பம், கதிரியக்கத் தொழில்நுட்பம் எனப் பல படிப்புகளுக்கும் ஒரே விண்ணப்பம்தான். அவற்றுள் ஒன்று, 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' எனப்படும் மருத்துவர் உதவியாளர் பட்டப் படிப்பு. இதற்கு 'நீட்' தேர்வு இல்லை. மேல்நிலைத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் பெற்ற மதிப்பெண்களே தரவரிசையை முடிவு செய்கின்றன. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாத விவசாயத் தொழிலாளி வீட்டு மகள், மருத்துவமனைக்குள் பட்டதாரியாக நுழைவதற்கு எஞ்சியிருக்கும் சில வழிகளில் இதுவும் ஒன்று. அந்த வழி மதிப்பெண் குறைவால் அடைபட்டால் அதில் ஒரு நியாயம் உண்டு. படிவத்தை நிரப்பத் தெரியாததால் அடைபட்டால் அதில் எந்த நியாயமும் இல்லை.

முதலில் இந்தப் படிப்பு எதற்கானது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர் இதைத் தொடங்கினார். மருத்துவர்களுக்குப் பற்றாக்குறை நிலவிய காலம் அது. கடற்படையில் மருத்துவப் பணியாற்றித் திரும்பியவர்களுக்கு முறையான பயிற்சி அளித்து, மருத்துவரின் மேற்பார்வையில் பணியாற்றவைப்பது அவரது எண்ணம். 1967-இல் மூவர் முதல் பட்டதாரிகளாக வெளிவந்தனர். இந்தியாவில் இந்தக் கல்வி முதலில் காலூன்றிய இடம் சென்னை. 1992-இல் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன், மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் இதைத் தொடங்கினார். நாடாளுமன்றம் 2021-இல் இயற்றிய மருத்துவம் சார்ந்த தொழில்கள் ஆணையச் சட்டம், இந்தப் பணியையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டுள்ளது.

நோயாளியின் நோய் வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்தல், மருத்துவருடன் படுக்கைதோறும் சென்று பார்த்தல், அறுவையின்போது துணை நிற்றல், வீடு திரும்பும் நோயாளிக்கு அறிக்கை தயாரித்தல் ஆகியவை இவர்களது பணிகள். பொறுப்பு மிகுந்த பணிதான். ஆனால், மருத்துவரின் பணி அன்று. இவர்கள் தனியாக மருத்துவமனை வைக்கவோ, தம் பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளவோ இடமில்லை. 'இதைப் படித்தால் அப்படியே அமெரிக்கா போகலாம்' என்று சில இடைத்தரகர்கள் ஆசை காட்டுவதுண்டு. அங்கே இது முதுநிலைப் படிப்பு. அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவர்கள் மட்டுமே அங்குள்ள உரிமத் தேர்வை எழுத முடியும். இந்தியப் பட்டத்தைக் காட்டி அந்தத் தேர்வில் அமர இயலாது. இந்த எல்லைகளை அறிந்து விரும்புகிறவர்களுக்கே இந்தப் படிப்பு ஏற்றது.

அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கென ஒரு மைய விண்ணப்ப முறை 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே படிவத்தை நிரப்பினால் பல கல்லூரிகளுக்கும் அது போய்ச் சேரும். ஆனால், கூடுதலாகத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் கட்டணம் உண்டு. தன்விளக்கக் கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், நோயாளிகளைக் கவனித்த அனுபவம் ஆகியவற்றைப் பார்த்து, நேர்காணலும் நடத்தி, ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவெடுக்கும். அங்கே மையப்படுத்தப்பட்டிருப்பது விண்ணப்பம் மட்டுமே. இங்கே விண்ணப்பம், தரவரிசை, இட ஒதுக்கீடு ஆகிய மூன்றும் மையப்படுத்தப்பட்டுள்ளன. பரிந்துரைக் கடிதம் தர ஆளில்லாத பிள்ளைக்கு நமது முறையே நேர்மையானது. ஆனால், இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முடிவெடுப்பது கணினி, அது படிவத்தில் இருப்பதை மட்டுமே பார்க்கும். சொல்லாமல் விட்டதை ஊகித்துக்கொள்ளாது.

படிவத்தில் மிக முக்கியமான பகுதி, கலந்தாய்வின்போது அளிக்க வேண்டிய விருப்ப வரிசை. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என வரிசைப்படுத்த வேண்டும். பல குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். 'நம் மதிப்பெண்ணுக்கு அது எங்கே கிடைக்கப்போகிறது' என்று எண்ணி, உண்மையில் விரும்புவதைக் கீழே தள்ளிவிட்டு, கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே எழுதுகின்றனர்.

பொருளியலில் இதற்கென்றே ஒரு துறை உருவாகியிருக்கிறது. விலையை வைத்துப் பங்கிட முடியாத, பங்கிடக் கூடாத பொருள்களை எப்படிப் பங்கிடுவது என்பது அதன் கேள்வி. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி ஆகியோர் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையை முன்வைத்தே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். அந்த வழியில் ஆய்வு செய்த ஆல்வின் ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுகள் நமக்குச் சொல்லும் பாடம் எளியது. தரவரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து, அவரவர் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கும் முறையில், உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதுவதே சிறந்த உத்தி.

ஒரு மாணவி வெளி மாவட்ட அரசுக் கல்லூரியில் மருத்துவர் உதவியாளர் படிப்பை விரும்புகிறார் என்று கொள்வோம். கிடைக்காது என்று அஞ்சி, அருகிலுள்ள தனியார் கல்லூரியின் டயாலிசிஸ் படிப்பை முதலில் எழுதுகிறார். அவருடைய முறை வரும்போது, அவர் விரும்பிய இடம் காலியாக இருக்கிறது. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் வேறு படிப்புகளைத் தேர்ந்துவிட்டனர். ஆனால், கணினி அவரது முதல் விருப்பத்தையே கொடுத்து அடுத்தவரை அழைத்துவிடும். மாறாக, விரும்பியதை முதலில் எழுதியிருந்து அந்த இடம் நிரம்பியிருந்தால் என்ன நடக்கும்? அதே நொடியில் கணினி இரண்டாவது விருப்பத்துக்கு இறங்கும். டயாலிசிஸ் இடம் கைநழுவிப் போவதில்லை. மேலே எழுதுவதால் இழப்பு இல்லை. கீழே எழுதுவதால்தான் இழப்பு.

இதோடு இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. ஒன்று, பட்டியலை நான்கைந்து விருப்பங்களுடன் நிறுத்திவிடக் கூடாது. சேரத் தயாராக உள்ள இடங்கள் அனைத்தையும் எழுத வேண்டும். இங்கே ஒவ்வொரு விருப்பத்துக்கும் தனிக் கட்டணம் இல்லை. மற்றொன்று, எந்த நிலையிலும் சேர விரும்பாத இடத்தை எழுதவே கூடாது. அது ஒதுக்கப்பட்டால் வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு விலை இருக்கும்.

இடஒதுக்கீடு பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. நல்ல மதிப்பெண் பெற்றவர் சமூகப் பிரிவைக் குறிப்பிட்டால் பொதுப்பிரிவு இடத்தை இழந்துவிடுவார் என்று சிலர் அஞ்சுகின்றனர். உண்மை அதுவன்று. தமிழகத்தின் 69 சதவீத இடஒதுக்கீட்டு முறையில், எஞ்சிய 31 சதவீதப் பொது இடங்கள் எல்லாச் சமூகத்தினருக்கும் திறந்தவை. சமூகச் சான்று அளிப்பவர் இரண்டு கதவுகளிலும் நுழையும் தகுதி பெறுகிறார். அளிக்காதவருக்கு ஒரு கதவுதான்.

சான்றிதழ்கள்தாம் அடுத்த தடை. இ-சேவை மையத்தில் ஒரு வருவாய்த் துறைச் சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். பொருளியல் கண்ணால் பார்த்தால் அது உண்மையான விலை அன்று. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் சென்று, அதன் பிறகே சான்று வழங்கும் அலுவலரை அடைகிறது. பழங்குடியினர் சான்று என்றால் கோட்டாட்சியர் வரை செல்ல வேண்டும். இடையில் ஏதேனும் ஒரு தாள் குறைந்தால் மறுபடியும் நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. மாதச் சம்பளக்காரருக்கு அரைநாள் விடுப்பாக முடிவது, நாற்றங்கால் வேலைக்குச் செல்லும் தாய்க்கு அன்றைய அடுப்புச் செலவாக முடிகிறது. ஒரே சான்றுக்கு இரண்டு குடும்பங்கள் இரண்டு விலை கொடுக்கின்றன; ஏழைக் குடும்பம் கொடுப்பதே கூடுதல்.

ஆகவே, சான்றிதழ் வேலையைத் தேர்வு முடிவுக்குப் பின்னர் தொடங்குவது தவறு. பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறையிலேயே சமூகச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரி சான்று ஆகியவற்றைப் பெற்றுவிடலாம். வருமானச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் அதை மட்டும் சேர்க்கைக் காலத்தை ஒட்டிப் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சமூகச் சான்று ஆகிய மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சரிபார்ப்பின்போது அது கேள்வியாக எழும். பக்கத்திலுள்ள காரைக்காலில் படித்த பிள்ளைகள், அது புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால், இருப்பிடச் சான்றில் கூடுதல் கவனம் செலுத்துவது நல்லது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயலில் கூரையோடு சேர்த்துச் சான்றிதழ்களையும் இழந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் உண்டு. நகல் சான்றிதழ் பெறுவது சேர்க்கைக் காலத்தின் பத்து, பதினைந்து நாள்களில் முடிகிற காரியம் அன்று.

படிவம் சிக்கலாகத் தோன்றும் இடத்தில்தான் இடைத்தரகர் நுழைகிறார். 'கலந்தாய்வெல்லாம் எதற்கு? நேரடியாகச் சேர்த்துவிடுகிறேன்' என்கிறார். தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் மட்டமான சரக்கே மிகும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். துணை மருத்துவக் கல்விச் சந்தை அதற்குக் கண்முன் உள்ள சான்று. பட்டப் படிப்பின் பெயரையே சூட்டிக்கொண்ட அங்கீகாரமற்ற பட்டயங்கள் இங்கே உலவுகின்றன. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்பதைப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் நேரே பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரிக்கு இணைப்பு இருப்பதும் படிப்புக்கு இணைப்பு இருப்பதும் வெவ்வேறு. மேலும், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளர முறையில் இடம் பெற்றவர்களுக்கு உரியது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைப்பது. தரகர் வழியே சேர்பவர் தரகுக் கூலியோடு அந்தச் சலுகையையும் சேர்த்தே இழக்கிறார்.

தமிழகத்தில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டின் சட்டம் நீக்கியபோது முன்வைக்கப்பட்ட காரணம், கிராமப்புற மாணவர்களுக்கு அது சமமான களமாக இல்லை என்பது. அதே அளவுகோலை விண்ணப்பப் படிவத்துக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையிடமும் வருவாய்த் துறையிடமும் ஏற்கெனவே உள்ள தகவலை, மாணவரே அலைந்து திரட்டித் தர வேண்டும் என்பது தேவையற்ற சுமை. தேர்வுத் துறை, வருவாய்த் துறை, மருத்துவச் சேர்க்கைக்கான தேர்வுக் குழு ஆகிய மூன்றின் தரவுகளையும் இணைத்துவிட்டால் பெரும்பாலான சான்றுகளைப் பதிவேற்ற வேண்டிய தேவையே இருக்காது. அதுவரை, சேர்க்கைக் காலத்தில் ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் ஓர் அரசுப் பள்ளியின் கணினி ஆய்வகத்தை உதவி மையமாகத் திறந்து வைக்கலாம். 2022-இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் வழிகாட்டுதலில், படிப்புகளின் பெயர்களோடு விருப்ப வரிசை எழுதும் பயிற்சியையும் சேர்க்கலாம். மாதிரிப் படிவம் ஒன்றை வகுப்பறையிலேயே நிரப்பிப் பார்ப்பதற்கு இரண்டு பாடவேளைகள் போதும்.

பட்டம் பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் தம் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் யார் என்று கேட்டறிந்து, ஒரு மாலைப் பொழுதை அவர்களுக்காக ஒதுக்கினால் அதுவே பெரிய உதவி. விருப்ப வரிசையை இறுதி செய்து பூட்டுவதற்கு முன் இன்னொரு கண் அதைப் பார்த்துவிட வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாக வந்தால் நடவைச் சில நாள்கள் தள்ளிப் போடலாம். சேர்க்கைக்கான கடைசி நாளைத் தள்ளிப் போட முடியாது.