லண்டன் சொலிசிட்டர் ஆக இந்த ஒரு தேர்வு போதுமா?

சட்டப் படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் என்ரோல்மென்ட்டும் ஆன இளம் வழக்கறிஞர்களின் செல்போனில் சில வருடங்களாக ஒரு விளம்பரம் அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. ‘இந்தியாவில் இருந்தபடியே இங்கிலாந்து சொலிசிட்டர் ஆகலாம்’ என்கிறது அது. சீனியரின் கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு வாய்தாவுக்கு வாய்தா அலைபவரை அந்த வரி சும்மா விடாது. விளம்பரம் பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொல்கிறது.

அந்தத் தேர்வின் பெயர் எஸ்.க்யூ.இ., அதாவது சொலிசிட்டர்ஸ் குவாலிஃபையிங் எக்ஸாமினேஷன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் ஆவதற்கான பொதுத் தேர்வு இது. 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி என்ற ஒழுங்குமுறை ஆணையத்துக்காக கப்லான் நிறுவனம் இதை நடத்துகிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டம் வேறு, வழியும் வேறு.

பாரிஸ்டர் தெரியும், சொலிசிட்டர் யார்?

நமக்குப் பாரிஸ்டர்தான் பழக்கம். காந்தி, நேரு, ஜின்னா மூவருமே லண்டனில் பாரிஸ்டர் ஆனவர்கள். 1973-ல் வந்த ‘கௌரவம்’ படத்தில் சிவாஜி ஏற்ற பாரிஸ்டர் ரஜினிகாந்த் வேடத்தை இன்றைக்கும் பேசுகிறோம். சொலிசிட்டருக்கு அப்படி சினிமாப் புகழ் எதுவும் கிடையாது. ஆனால் இங்கிலாந்தில் ஒரு சாதாரண ஆள் வாழ்நாளில் சந்திக்கப்போகும் வக்கீல் பெரும்பாலும் சொலிசிட்டர்தான். வீடு வாங்கும்போது, உயில் எழுதும்போது, கம்பெனி ஒப்பந்தம் போடும்போது, நடுராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைக்கப்பட்டால் என எல்லாவற்றுக்கும் முதலில் வருபவர் இவர். விக் வைத்துக்கொண்டு பெரிய கோர்ட்டில் வாதாடுவது பொதுவாகப் பாரிஸ்டரின் வேலை. சொலிசிட்டரும் கீழ் நீதிமன்றங்களில் ஆஜராகலாம்.

இந்தியாவில் 1961-ம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் எல்லோரையும் ‘அட்வகேட்’ என்ற ஒரே வகுப்பாக்கியது. பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பிரிவினை 1976 திருத்தத்தோடு போனது. ஆனாலும் மும்பையில் பாம்பே இன்கார்ப்பரேட்டட் லா சொசைட்டி தனியாக ஒரு சொலிசிட்டர் தேர்வை விடாமல் நடத்திவருகிறது. அந்தத் தேர்வும் எஸ்.க்யூ.இ.யும் ஒன்றல்ல. மத்திய அரசின் ‘சொலிசிட்டர் ஜெனரல்’ பதவிக்கும் இரண்டுக்குமே சம்பந்தம் இல்லை.

முன்பு என்ன இருந்தது?

எஸ்.க்யூ.இ.க்கு முன்பு, எல்.பி.சி. என்ற தொழில் படிப்பை முடித்துவிட்டு, ஒரு சட்ட நிறுவனத்தில் இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தம் வாங்க வேண்டும். லண்டனில் எல்.பி.சி. கட்டணம் 15,000 பவுண்டைத் தாண்டும். அதைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பயிற்சி ஒப்பந்தம் கிடைக்காமல் வருடக்கணக்கில் பாராலீகலாக (சொலிசிட்டருக்கு உதவியாளராக) வேலை பார்த்தவர்கள் ஏராளம். படித்தாச்சு, பாஸ் பண்ணியாச்சு, கதவு மட்டும் திறக்கவில்லை. யாருக்குத் திறப்பது என்பது நிறுவனத்தின் கையில்தான் இருந்தது.

அந்தப் பூட்டை உடைக்கத்தான் புதிய முறை வந்தது. ஏதாவது ஒரு துறையில் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி, எஸ்.க்யூ.இ. இரண்டு கட்டங்களிலும் தேர்ச்சி, இரண்டு ஆண்டு வேலை அனுபவம், நன்னடத்தைச் சோதனை. இவ்வளவுதான் கேட்கிறார்கள். வேலை அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம். பாராலீகல் வேலை, இலவசச் சட்ட உதவி மையத்தில் செய்த சேவை எல்லாம் கணக்கில் வரும். வெளிநாட்டில் செய்ததும் வரும், அதை ஒரு இங்கிலாந்து சொலிசிட்டர் உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட்டால்.

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம், தெற்கே டூட்டிங் பகுதிகளில் குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் சின்னச் சின்ன அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே தமிழ் பேசும் கட்சிக்காரருக்கு மொழிபெயர்த்து, மனு தயாரித்து, ஃபைல் அடுக்கியே காலம் போனவர்களுக்கு இந்த விதி சின்ன விஷயமே இல்லை. முன்பெல்லாம் அந்த வருடங்கள் வெறும் சம்பளம். இப்போது அவையே தகுதி.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். முன்பு நிறுவனம் ஆள் எடுக்கும்போதே வடிகட்டியது. இப்போது யார் வேண்டுமானாலும் தேர்வு எழுதலாம் என்பதால், வடிகட்டும் வேலை தேர்வுக்கு வந்துவிட்டது. தோற்றால் நஷ்டமும் எழுதுபவருடையது.

தேர்வு எப்படி இருக்கும்?

முதல் கட்டமான எஸ்.க்யூ.இ. 1-ல் இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் 180 கேள்விகள், மொத்தம் 360. எல்லாமே ஐந்து விடைகளில் மிகப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஒரு தாளை ஒரே நாளில் இரண்டு அமர்வாக எழுத வேண்டும்: 90 கேள்விகள், 2 மணி 33 நிமிடம், இடைவேளை, மறுபடி 90 கேள்விகள். ஒரு கேள்விக்கு 1 நிமிடம் 42 விநாடிதான். புத்தகம் கிடையாது. தவறான விடைக்கு மார்க் குறைப்பதும் கிடையாது.

நம் ஊரின் அகில இந்திய பார் தேர்வோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அதில் 100 கேள்விகள்தான். குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் எடுத்தால் போதும். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். ‘பேர் ஆக்ட்’டைப் புரட்டிப் பிரிவைக் கண்டுபிடித்தே பழகிய கைக்கு, புத்தகமில்லாத 360 கேள்விகள் முதல் அடி.

அடுத்த அடி பாடத்திலிருந்து வருகிறது. ஒப்பந்தச் சட்டமும் தீங்கியல் சட்டமும் ஓரளவு கைகொடுக்கும். கார்பாலிக் புகைப்பந்து வழக்கும், இஞ்சி பீர் பாட்டிலில் நத்தை கிடந்த வழக்கும் நம் சட்டக் கல்லூரியிலும் முதல் வருடப் பாடம்தானே. சிக்கல், தெரிந்த மாதிரியே இருந்து வேறாக இருக்கும் இடங்களில்தான்.

உதாரணத்துக்கு, ஒரு அண்ணனும் தம்பியும் சேர்ந்து இங்கிலாந்தில் வீடு வாங்குகிறார்கள். ‘ஜாயின்ட் டெனன்ட்ஸ்’ ஆக, தனித்தனிப் பங்கு என்று பிரிக்காமல் வாங்குகிறார்கள். பிறகு அண்ணன், வீட்டில் தன் பாதியை மனைவிக்கு உயில் எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறார். வீடு யாருக்கு? ‘அதான் உயில் இருக்கே, பாதி மனைவிக்கு’ என்றுதான் நம் ஊரில் படித்த கை போகும். விடை, முழு வீடும் தம்பிக்கு. கூட்டு உடைமையில் ஒருவர் இறந்த அந்த நொடியே அவருடைய உரிமை மிச்சமிருப்பவரிடம் போய்விடுகிறது. எழுதிவைக்க அண்ணனிடம் எதுவும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே தம்பிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் கூட்டை உடைத்திருந்தால் உயில் பலித்திருக்கும். (ஆதரவின்றி விடப்பட்ட மனைவி வேறொரு சட்டத்தின் கீழ் கோர்ட்டுக்குப் போகலாம் என்பது தனிக் கதை.) தேர்வில் தவறான நான்கு விடைகளில் ஒன்று ‘பாதி மனைவிக்கு’ என்று கண்சிமிட்டும்.

குற்றவியல் பாடத்தில் இன்னும் ஆழமான குழி. இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-வது பிரிவு. தூக்கத்தில் கேட்டாலும் நம் வக்கீல் சொல்வார். இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். ஸ்டேஷனில் பதிவு செய்யப்பட்ட விசாரணையில் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் சாட்சியம். கொடுமைப்படுத்தி வாங்கியதாகவோ நம்பத்தகாததாகவோ இருந்தால்தான் அதை ஒதுக்குவார்கள். சரி, வாயே திறக்காமல் இருந்தால்? அதிலும் ஆபத்து உண்டு. போலீஸிடம் சொல்லாமல் மறைத்த விஷயத்தைப் பிறகு கோர்ட்டில் தற்காப்பாகச் சொன்னால், ‘அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?’ என்று பாதகமாக ஊகிக்க 1994-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அதனால்தான் அங்கே ஸ்டேஷனுக்குப் போகும் சொலிசிட்டரின் முதல் அரை மணி நேரம் அவ்வளவு முக்கியம். பேசச் சொல்வதா, பேசாதே என்பதா, எழுதிக் கொடுக்கச் சொல்வதா என்பதை அங்கேயே முடிவெடுக்க வேண்டும்.

இவை போக வாரிசு வரிக் கணக்கு, அறக்கட்டளைச் சட்டம், கட்சிக்காரர் பணத்தை அலுவலகப் பணத்தோடு கலக்காமல் கணக்கு எழுதுவது என்று இந்தியப் பாடத்திட்டம் அதிகம் தொடாத பகுதிகள் நிறைய. மனப்பாடமாக வேண்டும்.

இரண்டாம் கட்டமான எஸ்.க்யூ.இ. 2-ல் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. 16 பயிற்சிகள், அவற்றில் 12 எழுத்து, 4 வாய்மொழி. கட்சிக்காரராக நடிப்பவரிடம் பேசி விவரம் வாங்குவது, நீதிபதி முன் வாதாடுவது, கடிதம் எழுதுவது, ஆவணம் வரைவது, சட்டம் தேடுவது என அலுவலக வேலையையே தேர்வாக வைத்திருக்கிறார்கள். இங்கேதான் ‘இந்தியாவில் இருந்தபடியே’ என்ற விளம்பர வரி உதைக்கிறது. முதல் கட்டத்தை வெளிநாட்டு மையங்களில் எழுதலாம். வாய்மொழித் தேர்வுக்கு இங்கிலாந்து அல்லது வேல்ஸுக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். விசா, விமான டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் தனி.

எத்தனை பேர் பாஸ் ஆகிறார்கள்?

2021 நவம்பரில் நடந்த முதல் எஸ்.க்யூ.இ. 1-ல் 53 சதவீதம் பேர் தேறினார்கள். 2024 ஜூலையில் 44 சதவீதம், 2025 ஜனவரியில் 56 சதவீதம், 2025 ஜூலையில் 41 சதவீதம். இரண்டாம் கட்டத்தில் எண்ணிக்கை நல்லது. 2022 ஏப்ரலில் நடந்த முதல் தேர்வில் 77 சதவீதம் பேர் தேறினார்கள். பாஸாகக் கஷ்டப்படுத்துவது முதல் கட்டம்தான்.

வாய்ப்பும் எண்ணித்தான். ஆறு ஆண்டுக்குள் மூன்று முறை மட்டுமே எழுதலாம். ஒரு தாளில் தேறி இன்னொன்றில் தவறினால், தவறியதை மட்டும் திரும்ப எழுதலாம். மூன்றும் போனால் ஆறு ஆண்டு முடியும்வரை காத்திருந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தோல்வி என்றால் வெறும் மார்க் ஷீட் விவகாரம் இல்லை. பல நிறுவனங்கள் எஸ்.க்யூ.இ. தேறினால்தான் வேலை என்ற நிபந்தனையோடு ஆள் எடுக்கின்றன. 2024 ஜனவரித் தேர்வில் 175 பேருக்கு ‘ஃபெயில்’ என்று முடிவு போனது. ஏப்ரலில்தான், மதிப்பெண்ணை முழுமையாக்குவதில் நடந்த பிழை அது, அவர்கள் அத்தனை பேரும் பாஸ் என்று தெரிந்தது. அதற்குள் சிலருக்குக் கையில் இருந்த வேலை போயிருந்தது. கப்லான் மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு 250 பவுண்ட் தருவதாகச் சொன்னது. போன வேலைக்கு அது எந்த மூலைக்கு?

இந்திய வழக்கறிஞருக்குச் செலவும் வரவும்

2021-ல் இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்துக் கட்டணம் 3,980 பவுண்ட். 2025 செப்டம்பர் முதல் 4,908 பவுண்ட், ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். திரும்ப எழுதினால் திரும்பக் கட்ட வேண்டும். பயிற்சி மையத்துக்குத் தனிச் செலவு. பயிற்சி கட்டாயம் இல்லை. எந்த மையத்துக்கும் ஆணையம் அங்கீகாரம் தருவதும் இல்லை. ஆகவே ‘அங்கீகரிக்கப்பட்ட மையம்’ என்று யாராவது சொன்னால், அங்கீகரித்தது யார் என்று கேட்டுவிடுவது நல்லது.

சலுகைகளும் உண்டு. இந்தியாவில் முழுத் தகுதி பெற்ற வழக்கறிஞருக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவ நிபந்தனை பொருந்தாது. அனுபவம் உள்ளவர்கள் இரண்டாம் கட்டத்திலிருந்து விலக்குக் கேட்டும் விண்ணப்பிக்கலாம். ஆதாரங்களை ஆணையம் துருவிப் பார்த்துத்தான் தரும். காகிதத்தில் அனுபவம் கேட்கவில்லை என்பதற்காக, வேலைக்கான இன்டர்வியூவிலும் கேட்கமாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

தேறிவிட்டால் சொலிசிட்டர் பட்டியலில் பெயர் ஏறும். அது பட்டம், விசா அல்ல. அங்கே வேலை செய்ய ஒரு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்த்தப்பட்டது. தொழிலுக்கென நிர்ணயித்த தொகை அதைவிட அதிகமானால், அதுதான் கணக்கு. லண்டனின் முன்னணி நிறுவனங்கள் புதிதாகத் தகுதி பெற்றவருக்கு 150,000 பவுண்ட் கொடுப்பது உண்மை. யூடியூபில் அந்த எண்தான் சுற்றுகிறது. தெருமுனையில் குடியேற்ற வழக்கும் சட்ட உதவி வழக்கும் பார்க்கும் அலுவலகங்களின் சம்பளம் அதன் பக்கத்தில்கூட வராது, அவற்றில் பலவற்றால் ஸ்பான்சர் செய்யவும் முடியாது.

லண்டன் போகாமலே இந்தத் தகுதியால் பலன் பெறுபவர்களும் இருக்கிறார்கள். சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் உட்கார்ந்து பிரிட்டிஷ் கம்பெனிகளின் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பவர்களுக்கு இது பதவி உயர்வுக்கு உதவக்கூடும். அப்படி நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் தங்கள் மேலாளரிடமே ஒரு கேள்வி கேட்டுவிடலாம்: ‘நான் இதைப் பாஸ் பண்ணினா, சம்பளம் எவ்வளவு ஏறும்?’ முதல் கட்டத் தேர்வு ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. பதிவு அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும்.