நிறுத்துப் பார்த்துப் புறப்படுவோம்

சென்ற ஆண்டு ஓர் இரவு கட்டுநாயக்க விமான நிலையத்தில், பயணப்பொதிகளை நிறுக்கும் இடத்தில் நின்றிருந்தேன். எனக்குச் சென்னையில் ஐந்து நாள் பயிற்சி. முல்லைத்தீவிலிருந்து என்னோடு ஒரே வானில் வந்த அம்மா ஒருவருக்கு லண்டன் பயணம். அங்கே மகளுக்கு முதற்பிள்ளை பிறந்து பதினெட்டு நாட்கள். அம்மா எங்கள் பெண்கள் குழுவின் பழைய உறுப்பினர். அவருடைய விசாப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவள் நான். "எவ்வளவு பாரம் கொண்டு போகலாம் பிள்ளை?" என்று அவர் கேட்டபோது, விமானச்சீட்டைச் சரியாகப் பார்க்காமல் "முப்பது கிலோ அம்மா" என்று சொன்னவளும் நான்தான்.

தராசு 31 என்று காட்டியது. அலுவலர் சீட்டைப் பார்த்துவிட்டு 23 கிலோவுக்குத்தான் அனுமதி என்றார். மேலதிகப் பாரத்துக்கு அவர் சொன்ன கட்டணம், அம்மா இரண்டு மாதம் இடியப்பம் அவித்து விற்றால் கையில் மிஞ்சும் காசு.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நிலத்தில் குந்தி இருந்து சூட்கேசைத் திறந்தார். உடுப்புகளை ஒரு பக்கம், பொட்டலங்களை ஒரு பக்கம் என எடுத்து வைக்கத் தொடங்கினார். பிறகு எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். யாரும் அவரைத் திறக்கச் சொல்லவில்லை. ஒதுங்கி நிற்கவும் சொல்லவில்லை. அவர் நின்ற நிலையை நான் முன்னரும் பார்த்திருக்கிறேன். சோதனைச் சாவடிகளில் எங்கள் அம்மாமார் அப்படித்தான் நின்றார்கள்.

பக்கத்து வரிசையில் ஒரு பெண்

அதே விமானத்துக்குப் பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றார். முப்பது வயதிருக்கும். அவரிடம் இரண்டு பெரிய பொதிகள். எங்களுக்கு எட்டுக் கிலோவுக்கே இந்தப் பாடு என்றால் இவருக்கு என்ன ஆகுமோ என்று நினைத்தேன். அவரோ ஒரு கடதாசியை நீட்டினார். அலுவலர் வாசித்தார், நிறுத்தார், பட்டியை ஒட்டினார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

அவருடைய கைப்பை பாதி திறந்திருந்தது. அதற்குள்ளே கறுப்பு இறப்பர்க் குழாய்கள் சுருண்டு கிடந்தன. அம்மா அதைக் கண்டுவிட்டார். அதுவரை பேசாதிருந்தவர், "பிள்ளை, உது அட்டைக்கு இறங்கிற சாமான் எல்லே!" என்றார்.

அம்மாவின் கணவர் கடலட்டை பிடிக்கச் சிலிண்டருடன் சுழியோடியவர். 2009 இல் அவரை இழந்தார். நான் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் விடயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தபடி குழாயை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். திருகோணமலையில் புறாமலைப் பக்கம் சுழியோடிவிட்டுத் திரும்புகிறாராம். அம்மா வாயில் கவ்வும் பகுதியைத் தடவிப் பார்த்தார். "இவர் இதை ஒருத்தற்ற கையிலயும் குடுக்கமாட்டார். வள்ளத்தில தன்ர மடியிலதான் வைச்சிருப்பார்" என்றார். அதை நான் மொழிபெயர்த்தேன். "நானும் அப்படித்தான். அதனால்தான் இது கைப்பையில் வருகிறது" என்றார் அந்தப் பெண்.

இன்னும் நேரம் இருந்தது. இவ்வளவு பாரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன்.

சுழியோடியின் கணக்கு

சுழியோடும் சாமான் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பயணியின் அனுமதிப் பாரம் போதாது. சாதாரணமாகப் பயன்படும் அலுமினியச் சிலிண்டர் ஒன்று வெறுமையாகவே சுமார் 14 கிலோ. இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகள் இன்னும் சில கிலோ. ஆகவே இந்த இரண்டையும் சுழியோடிகள் பெரும்பாலும் கொண்டு போவதில்லை. போகும் இடத்தில் வாடகைக்கு எடுக்கிறார்கள். சிலிண்டரை விமானத்தில் ஏற்றத்தான் வேண்டுமென்றால் அதில் காற்று இருக்கக்கூடாது. உள்ளே பார்க்கக்கூடியதாக வாய் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகளும் உண்டு.

மூச்சு விடும் கருவி கைப்பையில். பொதி தொலைந்தாலும் உயிர் தங்கியிருக்கும் சாமான் தொலையக்கூடாது. கத்தி பெரிய பொதிக்குள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். லைட்டுக்கான உதிரி பற்றரிகள் கைப்பையில். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் அவற்றைப் பெரிய பொதிக்குள் வைக்க விடமாட்டார்கள். கைத்தொலைபேசிக்கான பவர்பாங்குக்கும் இதே விதிதான்.

கடைசியாகச் சுழியோடியபின் உடனே விமானம் ஏறக்கூடாது. ஒரு தடவை மட்டும் இறங்கியவர் 12 மணித்தியாலமும், பல தடவை இறங்கியவர் 18 மணித்தியாலமும் குறைந்தது பொறுக்க வேண்டும் என்பது சுழியோடிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை. ஆழத்தில் உடலுக்குள் கரைந்த வாயு, மேலே காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அட்டைத் தொழிலுக்குப் போவோரின் வீடுகளில் இந்த நோவை அறிந்திருப்பீர்கள். அந்தக் காத்திருப்பில் இன்னொரு நன்மையும் உண்டு என்றார் அவர். சாமான் காய்ந்துவிடும். ஈரமான இறப்பர் உடுப்பு கிலோக் கணக்கில் பாரம் கூட்டும். காய்ந்தால் அந்தக் காசு மிச்சம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை அவர் செய்தது ஒன்றுதான். சீட்டு வாங்குமுன் அந்த நிறுவனத்தின் விதியை வாசித்தார். சில நிறுவனங்கள் சுழியோடும் சாமானை வழமையான பாரத்தோடு சேர்த்தே கணக்கெடுக்கும். சில, விளையாட்டுச் சாமான் என்று தனிக் கட்டணம் அறவிடும். சில, கொஞ்சம் மேலதிகமாக அனுமதிக்கும். இவர் இரண்டாவது பொதிக்கான பணத்தை ஒரு மாதத்துக்கு முன்னரே கட்டியிருந்தார். பல நிறுவனங்களில் முன்கூட்டிக் கட்டினால் தொகை குறைவு. விமான நிலையத்தில் கட்டினால்தான் கூட. நீட்டிய கடதாசி அதற்கான பற்றுச்சீட்டு.

அம்மாவின் சூட்கேஸ்

அவர் சொன்ன கணக்கை அம்மாவின் சூட்கேசுக்குப் போட்டுப் பார்த்தோம். போகும் இடத்தில் கிடைப்பது எது? வறுத்த அரிசிமா நாலு கிலோ. நல்லெண்ணெய் இரண்டு போத்தல். லண்டனில் தமிழ்க் கடைகளில் இரண்டும் வாங்கலாம். இரும்புத் தேங்காய் துருவலை ஒன்றும் இருந்தது. "அங்க எப்பிடித் தேங்காய் துருவிறது எண்டு கொண்டந்தனான்" என்றார். மகளுக்குத் தொலைபேசி எடுத்தோம். "துருவின தேங்காய் கடையில இருக்கம்மா" என்று பதில் வந்தது.

கிடைக்காதது எது? தன் கையால் வறுத்து இடித்த பத்தியச் சரக்கு. பனாட்டு. பேரனுக்கென்று பழைய வேட்டித் துணியில் தைத்த சின்னச் சட்டைகள். அவை பொதியிலேயே இருந்தன.

அடியில் ஒரு பொலித்தீன் உறை. பிரித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவரின் மரணச் சான்றிதழ், காணி உறுதி, குடும்பத்திடம் மிஞ்சிய ஒரே கல்யாணப் படம். எல்லாம் மூலப் பிரதிகள்.

"ஏனம்மா இதை இதுக்குள்ள வைச்சனீங்கள்?"

"வீட்டில வைச்சிட்டு வரேலாது பிள்ளை. முள்ளிவாய்க்காலிலயும் இதைத்தான் கொண்டந்தனான். மற்றதெல்லாம் விட்டிட்டுத்தான் வந்தனாங்கள். அப்ப ஒருத்தரும் நிறுத்துப் பாக்கேல்லை."

இடம்பெயரும்போது அதை அவர் மார்போடு கட்டிக்கொண்டு வந்தவர். விமானப் பயணம் என்றதும், பெறுமதியான சாமான் பெரிய பெட்டிக்குள் பூட்டுப் போட்டுப் போவதுதான் பாதுகாப்பு என்று நினைத்துவிட்டார். அந்தப் பெண் மூச்சுக் கருவியைக் கைப்பையில் வைத்த காரணத்தைச் சொன்னேன். அம்மா உறையை எடுத்துத் தோள்பையில் வைத்துக்கொண்டார். இரண்டாம் முறை நிறுத்தபோது தராசு 23 ஐத் தாண்டவில்லை. மாவையும் எண்ணெயையும் துருவலையையும் வெளிவாசலில் நின்ற மகனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா ஒரு சதமும் கட்டவில்லை.

ஏன் வாயடைத்துப் போகிறோம்?

அந்த அலுவலர் எங்களைத் திட்டவில்லை. ஒதுங்கி நின்று குறைத்துவிட்டுத் திரும்ப வரலாம் என்றுதான் சொன்னார். ஆனால் சீருடை, அவருடைய மொழி, திறந்து கிடந்த பெட்டி, பின்னால் நின்ற சனம் எல்லாம் சேர்ந்து அம்மாவை வேறொரு காலத்துக்குக் கொண்டு போய்விட்டன. சமூகவியல் படித்த நான் இதை வேறு வார்த்தைகளில் படித்திருக்கிறேன். அதிகாரத்தின் முன் பல வருடம் கேள்வி கேட்காமல் நின்று பழகியவர்களுக்கு எல்லா மேசையும் ஒன்றுபோலவே தெரியும். பிரதேச செயலகம், வங்கி, வைத்தியசாலை, விமான நிலையம் எங்கும் அதே மௌனம். பலர் கடன்பட்டுக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். சிலர் பொருளை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பொதி நிறுக்கும் இடம் சோதனைச் சாவடி அல்ல. அங்கே நடப்பது வியாபாரம். முன்னர் பெரும்பாலான விமானங்களில் ஒரு பொதியாவது சீட்டு விலையோடு சேர்ந்தே இருந்தது. 2008 இல் எரிபொருள் விலை ஏறியபோது அமெரிக்கன் எயர்லைன்ஸ் உள்நாட்டுப் பயணிகளின் முதலாவது பொதிக்கே 15 டொலர் அறவிடத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் எண்ணெய் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. பிறகு எண்ணெய் விலை இறங்கியது. பொதிக் கட்டணம் இறங்கவில்லை. இன்று மலிவு விமானங்கள் பலவற்றில் அடிப்படைச் சீட்டு என்றால் ஆளுக்கும் சிறு கைப்பைக்கும் மட்டும்தான். ஆகவே நாம் காசு கொடுத்து ஒரு சேவையை வாங்குகிறோம். எதற்கு எவ்வளவு என்று கேட்பது நமது உரிமை.

புறப்படுமுன் கவனிக்க

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அம்மாமாரும், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்வரும் சகோதரிகளும் இவற்றை மனதில் வைத்திருங்கள்.

1. விமானச்சீட்டில் பொதி பற்றிய வரியைத் தேடுங்கள். கிலோ மட்டும் எழுதியிருந்தால் மொத்தப் பாரமே கணக்கு. ஒரு பொதி, இரண்டு பொதி என எழுதியிருந்தால் எண்ணிக்கையும் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு. மாறி ஏறும் விமானம் வேறு நிறுவனத்தினுடையது என்றால் அதையும் கேளுங்கள்.

2. வீட்டிலேயே நிறுங்கள். சங்கக் கடைத் தராசு, மீன் வாடித் தராசு, நெல் ஆலைத் தராசு எதுவும் போதும். பெட்டியின் சொந்தப் பாரத்தையும் சேர்த்து நிறுக்க வேண்டும். இரண்டு கிலோ குறைவாகவே அடுக்குங்கள்.

3. பாரம் கூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே பணம் கட்டுங்கள். சீட்டு எடுத்துத் தந்த முகவரிடம் கேட்டால் செய்து தருவார். பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

4. காசு கட்டினாலும் ஒரே பொதி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பல இடங்களில் விதி. அதைத் தூக்கி ஏற்றும் தொழிலாளியின் முதுகுக்காக வந்த விதி அது.

5. சான்றிதழ்கள், உறுதிகள், மருந்து, நகை, காசு, மிஞ்சியிருக்கும் படங்கள் எல்லாம் கைப்பையில். புறப்படுமுன் பிரதி எடுத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள்.

6. எண்ணெய், ஊறுகாய் போன்றவை 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்டால் கைப்பையில் வேண்டாம். இறைச்சி, பால் பொருட்கள், பச்சை இலை, பழம், கிழங்கு ஆகியவற்றைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை. போகும் நாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் விசாரித்த பின் கட்டுங்கள்.

7. பொதி வரவில்லை, உடைந்து வந்தது என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் முறையிட்டு, எழுத்தில் ஒரு பிரதி வாங்குங்கள். 1999 ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கைக்கு உட்பட்ட பயணங்களில் சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பொதி கையில் கிடைத்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். பொதிக்கு ஒட்டிய பட்டியின் துண்டை எறிந்துவிடாதீர்கள்.

8. அலுவலர் சொல்வது விளங்காவிட்டால் "விளங்கவில்லை, ஆறுதலாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லலாம். ஒதுங்கிப் பொதியைச் சரிசெய்ய நேரம் கேட்கலாம்.

பயணத்துக்குப் பெண்களை ஆயத்தம் செய்யும் என்போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. படிவம் நிரப்புவதோடு எமது வேலை முடிவதில்லை. அன்று அம்மா நிலத்தில் குந்தியிருந்தது எனது கவனக்குறைவால். ஊருக்குத் திரும்பியதும் எங்கள் குழுவின் காரியாலயத்தில் ஒரு கொளுக்கித் தராசு வாங்கித் தொங்கவிட்டோம். இப்போது பயணம் போகும் எவரும் முதலில் அங்கே வந்து நிறுத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அம்மா ஆறு மாதத்தின் பின் திரும்பி வந்தார். கட்டுநாயக்கவுக்கு நான் போகவில்லை. "தனிய வந்திட்டியளே அம்மா, லண்டனில நிறுக்கிற இடத்தில ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஒரு கிலோ கூட எண்டு சொன்னவன். பொறு தம்பி எண்டு சொல்லிப்போட்டு, பேரன்ர படப் புத்தகத்தை எடுத்துத் தோள்பையில வைச்சிட்டன்" என்றார்.