மஜ்ஜையா, கொழுப்பா, தொப்புள்கொடியா?

நெல்லித்தோப்பில் உள்ள நம் மருத்துவமனையின் மூட்டுநோய்ப் பிரிவுக்கு அண்மையில் ஒரு மகள் தம் தாயாரை அழைத்து வந்தார். அவர் கையில் ஒரு துண்டறிக்கை இருந்தது. முழங்கால் தேய்மானத்துக்குக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லே சிறந்தது, ஒரே ஊசியில் குணமாகும் என்றது அது. “இது மஜ்ஜையைவிட மேலானதுங்களா, டாக்டர்?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

இங்கே பேசப்படுபவை ‘மீசென்கைமல்’ ஸ்டெம் செல்கள். இரத்தப் புற்றுநோய்க்கான மஜ்ஜை மாற்றில் பயன்படும் இரத்தம் உண்டாக்கும் அணுக்கள் வேறு, வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடைபெறும் அச்சிகிச்சையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டா.

இவ்வணுக்கள் முதலில் மஜ்ஜையில்தான் அறியப்பட்டன. ஆனால் அங்கே அவை அரியவை: பத்தாயிரம் அணுக்களில் ஒன்று, சில வேளை இலட்சத்தில் ஒன்று. இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி எடுக்க வேண்டும். முதுமையில் எண்ணிக்கையும் வீரியமும் குறையும். எலும்பாக மாறும் நாட்டம் இவற்றுக்கு மிகுதி. வயிற்றுக் கொழுப்பில் இவை ஏராளம், எடுப்பதும் எளிது. தொப்புள்கொடியின் கூழ்ப்பகுதியில் கிடைப்பவை இளமையானவை, விரைந்து பெருகுபவை. பிரசவத்துக்குப் பின் எறியப்படும் பொருளிலிருந்து கிடைப்பதால் எவருக்கும் வலியில்லை. பற்கூழிலும் உண்டு.

ஆய்வகத்தில் தெளிவாகத் தெரியும் இவ்வேறுபாடுகள் நோயாளியின் முழங்காலில் அவ்வளவாகத் தெரிவதில்லை. உட்செலுத்திய அணுக்கள் பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடுகின்றன. புதுக் குருத்தெலும்பாக வளர்வதைவிட, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரப்பதே அவற்றின் வேலை. இப்பெயரைப் பரப்பிய ஆர்னால்ட் கேப்லனே, பெயரை மாற்ற வேண்டும் என்று 2017-இல் எழுதினார்.

2023-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இக்கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. முழங்கால் தேய்மானம் உள்ள சுமார் 475 பேரிடம் மஜ்ஜைச் செறிவு, கொழுப்புத் திசுவின் அணுக்கலவை, தொப்புள்கொடித் திசுவின் ஸ்டெம் செல் ஆகிய மூன்றும் வழக்கமான ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிடப்பட்டன. ஓராண்டு முடிவில் வலியைக் குறைப்பதில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை.

நம் நாட்டில் முற்றிலும் வழியடைந்துவிடவில்லை. நலமுள்ளோரின் மஜ்ஜையிலிருந்து பெங்களூரு நிறுவனமான ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் ஆக்கிய மருந்துக்கு, கால் இரத்தக்குழாய் அடைப்புக்காக 2020-இலும் முழங்கால் தேய்மானத்துக்காக 2022-இலும் அனுமதி கிடைத்தது. அனுமதி அம்மருந்துக்கு மட்டுமே. மருத்துவமனை அறையில் கொழுப்பை எடுத்துக் கலக்கித் திரும்பச் செலுத்தும் முறைக்கு அன்று. ஐ.சி.எம்.ஆரின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, அங்கீகாரமற்ற ஸ்டெம் செல் சிகிச்சையைப் பதிவுபெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். அதற்குப் பங்கேற்பவரிடம் பணம் பெறலாகாது. தொப்புள்கொடித் திசுவையோ பல்லையோ கட்டணத்துக்குச் சேமிப்பதையும் அந்நெறிமுறை ஏற்கவில்லை. குழந்தை பிறக்கும் தறுவாயில் அப்படிக் கையொப்பம் கேட்கப்பட்டால், தயங்காமல் மறுத்துவிடலாம்.

அந்த மகளிடம், மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள் என்றோம். அறிக்கையில் இருந்த தொலைபேசிக்கு எங்கள் முன்னிலையிலேயே அழைத்தார். எண்ணைச் சொல்லவில்லை, முன்பணத்தை மட்டும் சொன்னார்கள். தாயார் இப்போது வாரம் இருமுறை பிசியோதெரபிக்கு வருகிறார்.