கல்லாவுக்கு வந்த நாணயம் பெட்டகத்துக்குப் போன கதை

"பிட்காயின் வாங்கி வைக்கலாமா?" என்று கேட்கும் வணிகர்கள் உண்டு. "வாடிக்கையாளர் பிட்காயின் கொடுத்தால் சரக்குக்கு ஈடாக வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. முதல் கேள்வி முதலீட்டைப் பற்றியது. இரண்டாவது வியாபாரத்தைப் பற்றியது. ஒரே பொருளைக் குறித்து இப்படி இரு கேள்விகள் எழக் காரணம், அது எதற்காக ஏற்பட்டது என்ற எண்ணமே காலப்போக்கில் மாறிவிட்டதுதான். அந்த வரலாற்றை வணிகப் பெருமக்கள் அறிந்திருப்பது நலம் எனக் கருதி இங்கே தருகிறோம்.

வணிகரின் குறையே தொடக்கம்

2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அதன் தலைப்பிலேயே 'மின்னணு ரொக்கம்' என்ற கருத்து இருந்தது. முன்னுரையில் பேசப்பட்டது வணிகரின் குறைதான். இணையத்தில் சரக்கு விற்றவர், வந்த பணம் பிறகு திருப்பி எடுக்கப்படுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. அதனால் வாடிக்கையாளரிடம் தேவைக்கு மேல் விவரம் கேட்க வேண்டியிருக்கிறது. இடையில் நிற்பவர்களின் செலவால் சிறு தொகைக் கொடுக்கல் வாங்கல் கட்டுப்படியாவதில்லை. சரக்கும் போய்ப் பணமும் போன வேதனையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குச் சொல்லப்பட்ட தீர்வு ஒரு பொதுப் பேரேடு. உலகெங்கும் பல கணினிகள் அதன் படியை வைத்திருக்கும். சுமார் 10 நிமிடத்திற்கு ஒரு பக்கம் எழுதப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் முத்திரை இருப்பதால், பழைய கணக்கை அடித்துத் திருத்துவது மிகக் கடினம். இதைத்தான் பிளாக்செயின் என்கிறார்கள். முதல் பக்கம் 2009 ஜனவரி 3 அன்று எழுதப்பட்டது. 2010 மே 22 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா பெற்றார். ரொக்கம் என்ற பெயருக்கு ஏற்ற தொடக்கம்தான்!

அடுத்து பெரிய கடைகளும் வந்தன. 2014 ஜனவரியில் ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்க இணையக் கடையும், அதே ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும், 2016 ஏப்ரலில் கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளமும் பிட்காயினை ஏற்கத் தொடங்கின.

பக்கம் நிறைந்தது, கட்டணம் ஏறியது

பேரேட்டின் ஒரு பக்கத்தில் இவ்வளவுதான் எழுதலாம் என்று 2010லேயே வரம்பு வைக்கப்பட்டிருந்தது. அதன்படி விநாடிக்கு ஏறத்தாழ ஏழு பரிவர்த்தனைகள்தான் பதிவாகும். கூட்டம் குறைவாக இருந்தவரை இது தெரியவில்லை. 2017இல் கூட்டம் பெருகியது. ஒரே லாரியில் இடம் பிடிக்கப் பல மண்டிக்காரர்கள் போட்டியிட்டால் வாடகை என்ன ஆகும்? அதே நிலைதான். தொடக்கத்தில் சுமார் 20 சென்ட்டாக இருந்த கட்டணம் 20 டாலரை நெருங்கிவிட்டது என்று சொல்லி, 2017 டிசம்பரில் ஸ்டீம் பிட்காயினை நிறுத்திவிட்டது. பணப்பட்டுவாடா நிறுவனமான ஸ்ட்ரைப் 2018 ஏப்ரலில் விலகியது. பிட்காயின் செலவழிக்கும் பணமாக இருப்பதைவிடச் சொத்தாக இருக்கவே பொருத்தமானதாகிவிட்டது என்பது அந்நிறுவனத்தின் கருத்து.

பக்கத்தைப் பெரிதாக்கினால் என்ன என்று ஒரு தரப்பார் கேட்டார்கள். பேரேடு பெருத்தால் சாதாரண மனிதர் படி வைத்திருக்க முடியாது, கணக்கு பெரும் புள்ளிகள் கைக்குப் போய்விடும் என்றார்கள் மறு தரப்பார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. 2017 ஆகஸ்ட் 1 அன்று பாகப்பிரிவினை நடந்தது. பெரிய பக்கம் கேட்டவர்கள் 'பிட்காயின் கேஷ்' என்று தனிக்கடை போட்டார்கள். பழைய பெயரும் சந்தை மதிப்பில் பெரும்பகுதியும் சிறிய பக்கக்காரர்களிடமே தங்கின.

பதுக்கி வைக்கும் பண்டம்

மாற்றத்திற்கு இன்னொரு காரணம் பிறப்பிலேயே இருந்தது. பிட்காயினின் மொத்த எண்ணிக்கை 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது. அளவு குறைவு, விலை ஏறும் என்ற நம்பிக்கை இருக்கும் பண்டத்தை யார் கையை விட்டு விடுவார்? 'டிஜிட்டல் தங்கம்' என்ற பெயர் நிலைத்தது. 2020 ஆகஸ்டில் மைக்ரோஸ்ட்ராட்டஜி என்ற அமெரிக்க நிறுவனம் 25 கோடி டாலருக்கு வாங்கித் தன் கருவூலத்தில் வைத்தது. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தைகளில் பிட்காயின் நிதியங்களுக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு பிட்காயினின் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசே பிட்காயின் கையிருப்பு வைக்க ஆணை பிறப்பித்தது. இடைத்தரகர் வேண்டாம் என்று பிறந்த நாணயம், பெரிய இடைத்தரகர்களின் பெட்டகத்தில் போய் அமர்ந்தது.

சட்டம் போட்டும் ஓடவில்லை

மீண்டும் அதைக் கல்லாவுக்குக் கொண்டுவர ஒரு நாடு முயன்றது. மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடார், 2021 செப்டம்பர் 7 முதல் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கியது. தொழில்நுட்ப வசதி இல்லாதவர்கள் நீங்கலாக, வணிகர்கள் அனைவரும் ஏற்கவேண்டும் என்று விதித்தது. அரசுச் செயலியில் சேர்ந்தவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயினும் கொடுத்தது. ஆயினும் மக்கள் அன்றாடம் டாலரையே நீட்டினார்கள். சர்வதேச நிதியத்துடன் ஏற்பட்ட கடன் உடன்பாட்டை ஒட்டி, 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. ஏற்பதும் மறுப்பதும் வணிகர் விருப்பம் என்றாயிற்று. எது பணம் என்பதைச் சட்டம் மட்டும் முடிவு செய்துவிடுவதில்லை. வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள்.

நாம் கொள்ள வேண்டியது

நம் நாட்டில் பிட்காயின் சட்டப்படியான பணம் அல்ல. எனவே அதை ஏற்கவேண்டிய கட்டாயம் எந்தக் கடைக்காரருக்கும் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் இதில் வரும் லாபத்திற்கு 30 சதவீத வரி. நஷ்டம் வந்தால் அதை வேறு வருமானத்தில் கழிக்க இயலாது. 2022 ஜூலை 1 முதல் கைமாற்றத்தில் 1 சதவீதம் பிடித்தமும் உண்டு. தவறான முகவரிக்கு அனுப்பினால் திருப்பிக் கேட்க ஆளில்லை. திருப்ப முடியாது என்று வணிகருக்குச் சொல்லப்பட்ட அதே நன்மையின் மறுபக்கம் இது.

விலையையும் பாருங்கள். 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கியது, ஓராண்டில் 4,000 டாலருக்கும் கீழே போயிற்று. பிறகு பல மடங்கு ஏறியது உண்மையே. ஆனால் மளிகைக் கடைக்காரரின் கொள்முதல் பணம் அடுத்த வாரம் மண்டிக்குக் கட்டவேண்டிய பணம். அது ஆண்டுக்கணக்கில் காத்திருக்காது.

ஆகவே இதைப் பற்றி யார் வந்து பேசினாலும், "ரொக்கம் என்று சொல்கிறீர்களா, தங்கம் என்று சொல்கிறீர்களா?" என்று முதலில் கேளுங்கள். ரொக்கம் என்றால் கட்டணத்தையும் விலை ஏற்ற இறக்கத்தையும் கணக்கிடுங்கள். தங்கம் என்றால், இழந்தாலும் கடை நடக்கும் என்ற அளவுக்கு மேல் கை வைக்காதீர்கள். வரி விவரத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் என்று சொல்பவரிடம் மட்டும் சற்று நிதானமாகப் பேசுங்கள்.