தூதும் அந்தரங்கமும்

தூது விடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. கோப்பெருஞ்சோழனை நினைந்து பிசிராந்தையார் அன்னச் சேவலிடம் பேசும் பாடல் புறநானூற்றில் உண்டு. திருக்குறளிலும் தூதுக்கென ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. தூதுக்கு வேண்டுவன இரண்டு: செய்தி உரியவரைச் சேர வேண்டும், பிறர் அறியாமல் சேர வேண்டும். இவ்விரண்டும் எப்போதும் ஒருங்கே வாய்ப்பதில்லை.

திரிங்காப்பை அடுத்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களையே எடுத்துக்கொள்வோம். முன்னாளில் ஊர்க்கடிதம் தோட்ட அலுவலகத்திற்கு வரும். எழுத்தறியாத தொழிலாளி அதனைக் கிராணியிடமோ ஆசிரியரிடமோ நீட்டி, “ஐயா, படித்துச் சொல்லுங்கள்” என்பார். கடிதம் சேர்ந்துவிடும், அந்தரங்கமோ படிப்பவரின் நாணயத்தைப் பொறுத்தது.

இன்றைய மின்னஞ்சலின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 1971இல் ரே டாம்லின்சன் கணினி வலையின் வழியே முதன்முதலாகக் கடிதம் அனுப்பினார். 1982இல் மின்னஞ்சல் அனுப்பும் விதிமுறை வகுக்கப்பட்டது. அவ்விதிமுறை அனுப்புநரின் பெயரைச் சோதிப்பதில்லை. உறையின் பின்புறத்தில் எவர் பெயரையும் எழுதலாம் அல்லவா? அதுபோலத்தான். ஆகவே பொய்க்கடிதங்கள் பெருகின. அவற்றைத் தடுக்க, அஞ்சல் நிறுவனங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் இயந்திரத்தால் ஆராய்ந்து பிரிக்கலாயின. அவ்வாறு பிரிக்கையில் நல்ல கடிதமும் சில வேளை குப்பைப் பெட்டியில் விழுந்துவிடுகிறது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று உண்டு. கடிதத்தைச் சரியாகச் சேர்ப்பதற்கே இயந்திரம் அதனைப் படிக்கிறது. விளம்பரத்திற்காகக் கடிதங்களை ஆராய்வதை நிறுத்துவதாகக் கூகுள் 2017இல் அறிவித்தது. ஆயின் குப்பையைப் பிரிக்கும் ஆய்வு நிற்கவில்லை. வழியில் ஒற்றர் படிக்காதபடி கடிதங்கள் பெரும்பாலும் மறையாக்கம் செய்தே அனுப்பப்படுகின்றன. எனினும் அஞ்சல் நிலையமாகிய கணினியில் அம்மறை அவிழ்கிறது. 1991இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட முறையில், பெறுபவரே மறையை அவிழ்க்க இயலும். அவ்வாறு மூடிய கடிதத்தின் உள்ளடக்கத்தை எந்தச் சல்லடையாலும் சோதிக்க இயலாது. அதில் அந்தரங்கம் நிறைவு; காவல் குறைவு.

ஆசிரியர் கைக்கொள்ளத் தக்கவை சில. எதிர்பார்த்த கடிதம் வராவிடின் முதலில் குப்பைப் பெட்டியை நோக்குக. பெற்றோர் பலர்க்கு ஒரே கடிதம் அனுப்புங்கால் அவர்தம் முகவரிகளை மறைபடி வரிசையில் இடுக; இன்றேல் ஒருவர் முகவரி எல்லார்க்கும் வெளியாகும். முதியவர் சேமநிதிக் கடிதம் பார்க்கக் கடவுச்சொல்லைச் சொல்லித் துணை நாடினால், அதனைக் குறித்து வைத்துக்கொள்ளாது, அவரே தட்டச்சிடக் கற்பிக்க.

முன்னாளில் பிறர் கடிதத்தைப் படித்துச் சொன்ன நல்லாசிரியர், படித்ததை வாசற்படிக்கு அப்பால் கொண்டுசென்றதில்லை. கருவி மாறினும் அக்கடமை மாறவில்லை.